இடம் இருக்கு, உக்காருங்க

வாங்க மேடம், உள்ள வாங்க. செருப்பு கிடக்கட்டும், சும்மா வாங்க. எஸ்தர் மேடம்தானே? பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். எங்க கல்யாண போட்டோவுல தனபாக்கியத்துக்குப் பக்கத்துல குடை ஜிமிக்கி போட்டுக்கிட்டு நிப்பீங்களே. அவளும் நீங்களும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஒரே ஷிஃப்டு. ராத்திரி டியூட்டி முடிஞ்சு வந்தா உங்களைப் பத்தித்தான் பேசுவா.

உக்காருங்க, உக்காருங்க. அந்த பெஞ்சு வேணாம், ஒரு கால் ஆடும். இந்தச் சேர்ல உக்காருங்க. ரெண்டு பக்கமும் கைப்பிடி, அசையவே அசையாது. மேல துண்டு விரிச்சிருக்கேன் பாருங்க, வர்றவங்களுக்கு வழுக்கக் கூடாதுன்னு. ஆங், அப்படிச் சாஞ்சுக்குங்க.

விருதுநகர்லருந்து பஸ்லயா வந்தீங்க? சீட்டு கிடைச்சுதா? கிடைச்சிருக்காது. அந்த ரூட்டுல இந்நேரத்துக்கு நிக்கத்தான் இடம் இருக்கும். இருங்க, காபிக்குப் பால் வச்சிருக்கேன். நான்தான் போடுவேன், பயப்படாதீங்க, இப்ப நல்லாவே வருது. இந்த ஹால்ல உக்காந்து என் காபியைக் குடிக்காத ஆள் நம்ம மதுரையில கொஞ்சப் பேருதான்.

அந்தச் சத்தமா? அவதான் மேடம். இந்தத் திரைக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருக்கா. ஸ்பூனால டம்ளரைத் தட்டுறா. கூப்பிடணும்னா வாயைத் திறந்து கூப்பிடலாமில்ல? மாட்டா. வெளியாளு யாராவது இருந்தா தட்டத்தான் செய்வா. இருங்க, கேக்கறேன். என்ன பாக்கியம், கக்கூஸ் வருதா?

பாத்தீங்களா, நின்னுபோச்சு. கேட்டவுடனே நின்னுரும். அவ்வளவுதான் அவ அவசரம்.

உங்களுக்கு யாரு சொன்னாங்க? யூனியன் ஆளுங்களா? கர்ப்பப்பையில ஆரம்பிச்சுது. எடுத்தாச்சு, கரண்ட் வச்சாச்சு, ஊசி ஏத்தியாச்சு, முடி கொட்டி முளைச்சாச்சு. இப்ப இடுப்பெலும்புக்கு வந்துருச்சு. பெரிய டாக்டர் என்னை மட்டும் தனியாக் கூப்பிட்டு, இனிமே வைத்தியம்னு ஒண்ணும் இல்லைங்க, வலி இல்லாம வச்சுக்குங்கன்னுட்டாரு. வலிக்கு மார்ஃபின்னு ஒரு மாத்திரை. பொடிசாத்தான் இருக்கும். அதைப் போட்ட அன்னிக்கு அவ தூங்கினா பாருங்க, சுருங்கிப் போயிருந்த முகம் பழைய முகமா ஆயிருச்சு. பக்கத்துல உக்காந்து நான் அழுதுட்டேன். சொல்றதுக்கு என்ன வெக்கம்.

ஆனா அதுலயும் ஒரு வில்லங்கம். அந்த மாத்திரை வலியைத் தூங்க வைக்கறதோட குடலையும் சேத்துத் தூங்க வச்சிருமாம். வெளிய போகாது. இந்த மாதிரி முத்தின கேஸுக்கு வலிக்கு அடுத்தபடியா பெரிய சித்திரவதை இதுதான்னு வீட்டுக்கு வர்ற செல்வராணி சிஸ்டர் சொன்னாங்க. அதனால இளக்கறதுக்கு ஒரு மாத்திரையும் சிரப்பும் வலி மாத்திரையோடவே தினமும் குடுக்கணும், அடைச்ச பிறகு குடுத்துப் பிரயோசனமில்லன்னாங்க. குடுக்கறேன் மேடம். ஒரு வேளைகூட நான் தவற விட்டதில்ல. அப்படியும் போகல. வயிறு கல்லாட்டம் இருக்கு. சோறு வேணாங்கறா, தண்ணி வேணாங்கறா.

நானும் சும்மா இருக்கல. வர்றவங்க எல்லார்கிட்டயும் யோசனை கேப்பேன். இத்தனை நாளாப் போகலைங்க, என்ன பண்ணலாம்னு கேப்பேன். ஒளிச்சு வச்சு என்ன ஆகப்போகுது? பால்காரர் விளக்கெண்ணெய் கொண்டுவந்து குடுத்தாரு. பஸ் டிப்போவுல என்கூட வேலை பாத்தவங்க கடுக்காய்ப்பொடி வாங்கிட்டு வந்தாங்க. அடுத்த வீட்டு லோகநாதன் சார் பழம் மாத்திப் பழமாக் கொண்டுவர்றாரு, ரிட்டயர்டு தாசில்தாரு, எவ்வளவு நல்ல மனுசன். அவர்தான் இசப்கோல் உமியைக் கரைச்சுக் குடுக்கச் சொன்னாரு. குடுத்தேன். சிஸ்டருக்குத் தெரிஞ்சு எனக்குச் செம டோஸ். தண்ணி இறங்காத வயித்துக்குள்ள உமியைக் கொட்டினா சிமெண்டு மாதிரி இறுகிப்போகும், யாரைக் கேட்டுக் குடுத்தீங்கன்னாங்க. தாசில்தாரைக் கேட்டுத்தான் குடுத்தேன்னேன்.

அப்புறம் ஒருநாள் தண்ணியாப் போச்சு மேடம். கசிஞ்சுக்கிட்டே இருக்கு, துணி மாத்தி மாத்தி மாளல. ஆகா, திறந்துக்கிச்சுடா சாமின்னு சந்தோசத்துல எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன். இளக்கற மாத்திரையையும் நிறுத்திட்டேன். சிஸ்டர் வந்து பாத்துட்டு, ஐயா, இது பேதி இல்ல, உள்ள கெட்டியா அடைச்சுக்கிட்டு நிக்குது, அதைச் சுத்தித் தண்ணி மட்டும் வழியுது, மாத்திரையை ஏன் நிறுத்தினீங்கன்னு கேட்டாங்க. மறுபடியும் எல்லாருக்கும் போன் போட வேண்டியதாப் போச்சு.

அவ சுபாவம் உங்களுக்குத் தெரியாததா? எக்ஸ்சேஞ்சுல ஊர்ச் சங்கதி பூரா காதுல விழும். யாரு வீட்ல சண்டை, யாரு யாரோட ஓடினா, எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை வீட்டுக்கு வந்ததில்ல. இன்னிக்கு என்ன காதுல விழுந்துச்சுன்னு நச்சரிப்பேன். லைன் கேட்டாங்க, குடுத்தேன்னு சொல்லிட்டுப் போயிருவா. என்னை ஓட்டைவாய்னுதான் கூப்பிடுவா. செல்லமாத்தான்.

இன்னொரு வேடிக்கை கேளுங்க. கல்யாணமாகி இந்நாள் வரைக்கும் அவ கக்கூஸ் போயி நான் பாத்ததே இல்ல. சத்தியமா. எங்களோடது கூட்டுக் குடும்பம், வீடு நிறைய ஆளு, எல்லாருக்கும் சேத்து ஒரே கக்கூஸ். ஒரு ஜீவன் முழிக்கறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டு, குளிச்சு, பொட்டு வச்சு அடுப்படியில நிப்பா. தனி வீடு கட்டி வந்த பிறகும் அதே பழக்கம்தான். நீ என்ன சாமியா, இதெல்லாம் உனக்குக் கிடையாதான்னு கேலி பண்ணுவேன். சிரிக்காம போயிருவா.

இப்ப நான்தான் கூட்டிட்டுப் போறேன். அந்தா, உங்களுக்கு நேரா ஒரு பிளாஸ்டிக் கதவு தெரியுதில்ல, அதுதான். வீடு கட்டும்போது நான்தான் ஹால்லேயே வைக்கச் சொன்னேன், வர்றவங்க போறவங்களுக்குத் தோதா இருக்கட்டும்னு. குந்தி உக்கார்ற மாடல். அவளால குந்த முடியாது, இடுப்பு விடாது. நான் பின்னால நின்னு ரெண்டு அக்குளையும் பிடிச்சுத் தாங்கிக்குவேன். உள்ள ரெண்டு பேருக்கு இடம் பத்தாது. அதனால கதவு பாதி திறந்துதான் கிடக்கும்.

ஆனா ஒண்ணு சொல்லணும் மேடம், நம்ம ஆளுங்க தங்கமானவங்க. அவளைக் கூட்டிட்டு வர்றதைப் பாத்ததும் பேச்சை நிறுத்திருவாங்க. டிவி ஓடினா சத்தத்தைக் குறைச்சிருவாங்க. அப்படி ஒரு மரியாதை. ஹாலே கப்சிப்னு ஆயிரும். நான் மட்டும் ஆச்சா, ஆச்சான்னு கேட்டுக்கிட்டே இருப்பேன், அவளுக்குத் தைரியமா இருக்கட்டும்னு. அவ கண்ணை மூடிக்கிட்டு, போதும், என்னைக் கொண்டுபோய்ப் படுக்க வைங்கன்னுருவா. முக்கக்கூட மாட்டா. பிடிவாதம். இந்த வியாதியில இவ்வளவு பிடிவாதம் ஆகுமா, நீங்களே சொல்லுங்க.

இதுல இன்னொரு கூத்து. போன வாரம் தலையணை உறை மாத்தும்போது அடியில ஒரு பவுடர் டப்பா. குலுக்கினா கலகலன்னுது. திறந்து பாக்கறேன், அவ்வளவும் வலி மாத்திரை. வாயில அடக்கி வச்சிருந்து நான் அந்தப் பக்கம் திரும்பினதும் துப்பியிருக்கா. அத்தனை நாளும் வலியோடவே கிடந்திருக்கா மேடம். பல்லைக் கடிச்சுக்கிட்டு, வந்தவங்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கிட்டு. டப்பாவை அப்படியே சிஸ்டர்கிட்டக் காட்டினேன். ஏம்மா இப்படின்னு சிஸ்டர் கேட்டாங்க. நான் காபி போட்டுக்கிட்டிருந்தேன், எனக்குக் கேட்டுச்சு. அவ சொல்றா:

"மாத்திரை போட்டா அடைச்சுக்குது சிஸ்டர். அடைச்சா இவரு ஊருக்கெல்லாம் சொல்லுவாரு. அதுக்கு வலியே தேவல."

பாவம், வலியில என்னத்தையோ பேசறா. நான் என்னமோ மைக் கட்டி அறிவிச்ச மாதிரி. யாருக்குத் தெரியும்? நம்ம தெருவுக்குத் தெரியும், டிப்போ ஆளுங்களுக்குத் தெரியும், சொந்தக்காரங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான். இப்ப உங்களுக்கு.

நீங்க எதுக்கு அந்தத் திரையையே பாக்கறீங்க? தூங்கலை, கேட்டுக்கிட்டுத்தான் இருப்பா. கேக்கட்டும், ஒளிவு மறைவு என்ன.

இன்னிக்குக் காலைலயும் சிஸ்டர் வந்தாங்க. கையுறை மாட்டிப் பாத்துட்டு, பின்பக்கம் வைக்கிற மாத்திரை வச்சாங்க. சூடாக் கொஞ்சம் தண்ணி குடிக்க வச்சாங்க. ஐயா, இது கரைஞ்சு வேலை செய்யும், அம்மாவுக்கு வருதுன்னதும் உக்காரணும், அந்த நேரத்தைத் தவற விட்டுறாதீங்கன்னாங்க. இன்னிக்கும் ஆகலன்னா சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, விரல் விட்டுத்தான் எடுக்கணும்னுட்டாங்க. அதைக் கேட்டதும் அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா மேடம். எலும்பும் தோலுமா இருக்கற கை, அதுல அவ்வளவு பலம் எங்கருந்து வந்துச்சோ. அது மட்டும் வேணாங்க, வேத்து ஆளுங்க முன்னாடி என்னை அப்படிப் போட்டுறாதீங்கன்னா. இல்லம்மா, இல்லம்மான்னேன். வேற என்ன சொல்றது?

சிஸ்டர் போகும்போது வாசல்ல நின்னு இன்னொண்ணு சொன்னாங்க. ஐயா, அம்மாவுக்கு இப்ப மருந்தைவிடத் தனிமைதான் முக்கியம், இன்னிக்கு யாரையும் உள்ள விடாதீங்க, நீங்களும் கொஞ்ச நேரம் வெளிய இருங்கன்னாங்க. தனிமையாம். படுத்த படுக்கையாக் கிடக்கறவளுக்குத் தனிமை எதுக்கு மேடம்? நாலு மனுச முகம் பாத்தாத்தானே தெம்பு வரும். இருந்தாலும் சிஸ்டர் பேச்சைத் தட்டக் கூடாதுன்னு, வந்து உக்காந்திருந்த டிப்போ ஆளுங்களைக் காபியோட அனுப்பி வச்சேன். அவளைத் தூக்கப் போறேன், நீங்க கதவைத் தட்டிட்டீங்க.

இதோ, மறுபடியும் ஆரம்பிச்சுட்டா. பாக்கியம், எஸ்தர் மேடம் வந்துருக்காங்க, விருதுநகர் எஸ்தரு. எல்லாம் சொல்லியாச்சு அவங்ககிட்ட, கூச்சப்படாத. கக்கூஸா?

பாருங்க, நின்னுபோச்சு.

ஏன் மேடம் எந்திரிக்கிறீங்க? இப்பத்தானே வந்தீங்க. பால் பொங்கப்போகுது. உக்காருங்க, சொல்றேன், உக்காருங்க. அப்புறம் வரேன்னா என்ன அர்த்தம்? பஸ் ஏறி இம்புட்டுத் தூரம் வந்துட்டு காபி குடிக்காமப் போறதாவது.

உங்களுக்குப் புரியாது. நான் டவுன் பஸ்ல கண்டக்டரா இருந்தவன். சர்வீஸ் முழுக்க ஒரு ஆளைக்கூட இடமில்லன்னு கீழ விட்டதில்ல. படியில தொங்கற கூட்டமா இருந்தாலும், உள்ள போங்க, உள்ள இடம் இருக்கு, நகருங்கன்னு ஏத்திக்குவேன். டிரைவர் திட்டுவாரு. கூட்டம் இருந்தாத்தான் எனக்கு மூச்சே வரும். கடைசி ட்ரிப் அடிச்சு எல்லாரையும் இறக்கிவிட்டு டிப்போவுக்குத் திரும்புவோம் பாருங்க, அது மட்டும்தான் எனக்கு ஆகாது. காலி சீட்டெல்லாம் கடகடன்னு ஆடிக்கிட்டு வரும். பேச ஆளிருக்காது.

நீங்க எந்திரிச்சுப் போயிட்டா இந்த வீடு அப்படித்தான் மேடம். ஹால்ல நான், திரைக்கு அந்தப் பக்கம் அவ. அவ மூச்சு விடறதைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன். ஒரு மூச்சு தாமதமா வந்தா எனக்கு உசுரு போயிட்டுத் திரும்பி வரும். ஆளுக்கொரு டம்ளர் காபி ஆத்திக் குடுத்துக்கிட்டிருந்தா அந்தச் சத்தம் கேக்காது. எங்களுக்குப் புள்ளை குட்டி இல்ல. அவ போயிட்டா நான் யார்கிட்டப் பேசுவேன்? பயமா இருக்கு மேடம். நிசமாப் பயமா இருக்கு.

சரி, சரி, தட்டாதம்மா, வரேன். இந்தத் தடவை நிறுத்த மாட்டேங்கறா. அப்போ வந்துருச்சு போலருக்கு. மேடம், நீங்க இங்கேயே இருங்க. நான் அவளைத் தூக்கிட்டு வந்து அந்தக் கக்கூஸ்ல பிடிச்சுக்கறேன். நீங்க அந்தப் பக்கமா லேசாத் திரும்பி உக்காந்துக்கிட்டாப் போதும்.

என்ன கேக்கறீங்க? படுக்கைக்குப் பக்கத்துலேயே வைக்கிற சேரா? சிஸ்டர் அப்படி ஒண்ணும் குடுக்கலையான்னா கேக்கறீங்க? உங்க அம்மாவுக்கும் குடுத்தாங்களா? அட, குடுத்தாங்களே. கொண்டாந்து வச்சு ரொம்ப நாளாச்சு.

நீங்க உக்காந்திருக்கறதுதான் மேடம் அது.

ஐயய்ய, பதறாதீங்க, புதுசுதான். அவ ஒரு தடவைகூட உக்காந்ததில்ல. அந்தத் துண்டை எடுத்துட்டு மூடியைத் தூக்கினா நடுவுல ஓட்டை, அடியில ஒரு பேசின். கையும் காலுமா நான் இருக்கும்போது அவளுக்குச் சேர் எதுக்கு, நான் தாங்கிக்க மாட்டேனான்னுதான் ஹால்ல போட்டேன். வர்றவங்களுக்கு நாற்காலி பத்தலை. சேர் உபயோகம் ஆகுதான்னு சிஸ்டர் ஒருநாள் கேட்டாங்க. ஆகுதுன்னேன். பொய்யில்லையே, ஆள் மாத்தி ஆள் உக்காந்துக்கிட்டேதானே இருக்காங்க.

மேடம்? எங்க தூக்கிட்டுப் போறீங்க? கனம், நான் பிடிக்கறேன். வேணாமா? பாத்து, திரை சிக்கப்போகுது. அவளை இடுப்புல பிடிக்காதீங்க, இடுப்புல பிடிச்சா வலிக்கும், தோள்ல பிடிங்க. காலுக்கு அடியில அந்த முக்காலியைப் போடணும்னு சிஸ்டர் சொன்னாங்க, கட்டிலுக்குக் கீழ கிடக்கு பாருங்க.

என்னது, நான் தெருவுல போயி நிக்கணுமா? நானா? என் வீட்டை விட்டா?

இருங்க, அவ என்னமோ சொல்றா. என்ன சொன்னா?

"எஸ்தரு, வாசக் கதவைச் சாத்தச் சொல்லு."

அவளா சொன்னா? வாயைத் திறந்தா? எத்தனை நாளாச்சு மேடம் அவ இப்படி அதிகாரமாப் பேசி. எக்ஸ்சேஞ்சுலருந்து வீட்டுக்குப் போன் போட்டா இந்தக் குரல்லதான் பேசுவா. அரிசி களைஞ்சு வைங்க, போனை வைக்கறேன், அவ்வளவுதான், டக்குனு வச்சிருவா.

சரி, போறேன். டிவியைப் போடணுமா? சத்தமாவா? எல்லாரும் குறைப்பாங்க, நீங்க கூட்டச் சொல்றீங்க. சரி, கூட்டிட்டேன். பாலை இறக்கி வச்சுட்டேன். போறேன்.

மேடம். கேக்குதா? ஜன்னல் பக்கமாத்தான் நிக்கிறேன், வெளியதான். உள்ள பாக்கல, தெருவைப் பாத்துத்தான் நிக்கிறேன். ஆச்சான்னு கேக்க மாட்டேன். சும்மா பேசிக்கிட்டிருக்கேன், வேற ஒண்ணுமில்ல. பேசவும் கூடாதா?

சரி.

மேடம், லோகநாதன் சார் வர்றாரு. கையில ஒரு சீப்புப் பழம். வாங்க சார், வாங்க. இல்ல சார், உள்ள இல்ல, இங்கேயே நில்லுங்க. பாக்கியத்தைப் பாக்கவா? இன்னிக்கு வேணாம் சார். இடமில்ல. ஆமா சார், உள்ள இடமில்ல. நாளைக்கும் வேணாம், நானே சொல்லி அனுப்பறேன். பழத்தைக் குடுங்க. இல்ல சார், ஒண்ணுமில்ல, சும்மாத்தான் வெளிய நிக்கிறேன். காத்து வாங்கறேன்.

மேடம், அவகிட்டச் சொல்லுங்க. லோகநாதன் சாரை அனுப்பிட்டேன். இடமில்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஏன்னு கேட்டாரு.

சொல்லல.